உதவி வருமுன் ஒரு கணக்கு

வாழ்வாதார உதவி என்ற பெயரில் எமக்கு வருபவை என்னவென்று எல்லோருக்கும் தெரியும். ஐந்து கோழி, இரண்டு ஆடு, சிலருக்குத் தையல் இயந்திரம். பெயர் எழுதுவார்கள், படம் எடுப்பார்கள், கையொப்பம் வாங்குவார்கள். அடுத்த மாரிக்கு முன்னரே ஆடு கைமாறிவிடும். விற்றவரைக் குறைசொல்ல நான் வரவில்லை. வாடகைக் காணியில் குடிசை போட்டிருப்பவர் ஆட்டை எங்கே கட்டுவார்? ஆனால் எம்மை நாமே கேட்கவேண்டியதும் ஒன்று உண்டு. எமக்கு இன்னதுதான் வேண்டும் என்று நாம் என்றாவது கூடிப் பேசி வைத்திருந்தோமா?

இதைக் கேட்கும்போது எனக்கு நினைவுக்கு வருவது கனடாவின் கிழக்குக் கரையிலுள்ள கன்சோ என்ற கடற்றொழில் ஊர். எமது உறவுகள் போய்ச் சேர்ந்த கனடா வேறு, நூறு வருடங்களுக்கு முந்திய இந்தக் கனடா வேறு. நோவா ஸ்கோஷியா மாகாணத்தின் ஓரத்தில் குளிரும் பாறையும் வறுமையும் நிறைந்திருந்த இடம் அது. உப்பும் மாவும் வலையும் வியாபாரியிடம் கடனுக்கு வாங்குவார்கள். பிடித்த மீனை அவர் சொல்லும் விலைக்கே அவரிடம் கொடுப்பார்கள். பருவம் முடியக் கணக்குப் பார்த்தால் மிச்சம் கடன்தான். உரத்தையும் கிருமிநாசினியையும் கடைக்காரரின் கொப்பியில் எழுதி வாங்கும் எமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

1922ஆம் ஆண்டின் இறுதியில் அருட்தந்தை ஜிம்மி ரொம்ப்கின்ஸ் என்பவரை ஆயர் அங்கே பங்குக் குருவாக அனுப்பினார். அவர் பொருள் எதுவும் பங்கிடவில்லை. போகுமிடமெல்லாம் கேள்வி கேட்டார், வாசிக்கக் கொடுத்தார். 1927 யூலை முதலாந் திகதி கனடா தனது அறுபதாம் ஆண்டைக் கொண்டாடியபோது, தமக்குக் கொண்டாட என்ன இருக்கிறது என்று கன்சோ மீனவர்கள் கூடிக் கேட்டார்கள். அந்த ஆண்டே மீன்பிடித் தொழில் பற்றி விசாரிக்க அரசு ஆணைக்குழு அமைத்தது. 1928இல் அன்ரிகொனிஷ் நகரிலுள்ள புனித பிரான்சிஸ் சவேரியார் பல்கலைக்கழகம் மக்களுக்கான விரிவாக்கப் பகுதியை ஆரம்பித்து, அருட்தந்தை மோசஸ் கோடியை அதன் பணிப்பாளராக்கியது.

அவர்கள் முதலில் தொடங்கியது ஆலை அல்ல, படிப்பு வட்டம். சிலபேர் ஒரு வீட்டின் குசினியில் இருந்து பேசுவார்கள். எமது மீன் எங்கே போகிறது? அங்கே என்ன விலை? இடையில் உள்ளது யாருக்குப் போகிறது?

கன்சோவுக்கு அருகே லிற்றில் டோவர் என்று இன்னும் சிறிய ஊர். அங்குள்ளவர்கள் இப்படிப் பேசிய பிறகு தாமே காட்டில் மரம் தறித்து, கூலியில்லாமல் உழைத்து, கொஞ்சப் பணம் கடன்பட்டு, சிங்க இறாலைத் தகரத்தில் அடைக்கும் ஆலை ஒன்றைக் கட்டினார்கள். இன்னொன்றும் செய்தார்கள். பாறை நிலத்தில் பசு வளர்க்க முடியாது, பிள்ளைகளுக்கோ பால் வேண்டும். ஆகவே ஆடு கொண்டுவந்தார்கள். அதே ஆடுதான்! ஆனால் அது அவர்கள் கேட்டு வந்த ஆடு.

இதைப் பெரிய வெற்றிக் கதையாக்கவும் நான் விரும்பவில்லை. 1993இல் அந்தக் கடற்பரப்பில் கொட் மீன் பிடிப்பதையே நிறுத்தவேண்டி வந்தது. சங்கம் விலையைத் திருத்தலாம், கடலில் மீனை உண்டாக்க முடியாது.

கூட்டுறவுக்காக நாம் கனடாவுக்குப் போகவேண்டியதும் இல்லை. இலங்கையில் 1911இலேயே கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்குச் சட்டம் வந்துவிட்டது. 1936இல் மூளாயில் கூட்டுறவு வைத்தியசாலையே நிறுவினார்கள். அப்படியிருந்தும் இன்று 'சங்கம்' என்றதும் எமது முகம் சுருங்குகிறது. கட்சிக்காரர் புகுந்ததைக் கண்டோம், இடப்பெயர்வில் பதிவேடுகள் அழிந்ததைக் கண்டோம். பங்குகளிலோ வேறொரு நோய். குருவானவரே தலைவர், குருவானவரே பொருளாளர். அவர் மாற்றலாகிப் போனால் சங்கமும் அவருடன் போய்விடும். எமது குருக்கள் மனம் நோகக்கூடாது. ரொம்ப்கின்ஸ் போலக் கேள்வி கேட்டுவிட்டுப் பின்வாங்கில் இருக்கப் பழகினால் போதும்.

பேசுவதற்கு எம்மிடம் விடயம் இல்லாமலும் இல்லை. யாழ்ப்பாணச் சந்தைகளில் நூறு கிலோ மரக்கறிக்குப் பத்துக் கிலோ 'கழிவு' என்று வெட்டும் வழக்கத்தை எடுங்கள். குத்தகைக் காணியில் கத்தரி வைத்த குடும்பம் ஆயிரம் கிலோ கொண்டுபோனால் நூறு கிலோ சும்மா போகிறது. முப்பது குடும்பத்துக்கு மூவாயிரம் கிலோ. எந்த நிறுவனத்தின் கோழி இதை ஈடுசெய்யும்? முப்பது பேரும் தனித்தனியே போகும்வரை வெட்டத்தான் செய்வார்கள். நுண்கடனும் அப்படியே. 2018இல் வரட்சி மாவட்டங்களில் பெண்கள் பட்ட கடனை அரசே தலையிட்டுத் தள்ளுபடி செய்யும் நிலை வந்தது. அந்தக் கிழமைத் தவணையை அயலில் பத்துப்பேர் சேமிப்பாக வைத்திருந்தால் வட்டி ஊருக்குள்ளேயே நின்றிருக்கும். ஆகவே பெண்கள் இல்லாமல் கூட்டம் வைக்காதீர்கள். கடன் கொப்பி இருப்பது அவர்களிடம், உண்மைக் கணக்கும் அவர்களிடம்தான்.

ஆனால் லிற்றில் டோவருக்கும் எமக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. அவர்களின் கடலை எவரும் முட்கம்பி போட்டு அடைக்கவில்லை. வலிகாமம் வடக்கில் 1990இல் எழும்பி வந்தவர்களுள் இன்னும் தம் தோட்டத்தை மிதிக்காதவர்கள் இருக்கிறார்கள். முகாமுக்குள் நாம் சங்கம் தொடங்கினால், 'இவர்கள் இங்கேயே பழகிவிட்டார்கள், இனிக் காணி எதற்கு' என்று சொல்லச் சிலர் காத்திருப்பார்கள். அதற்கு இடம்வைக்கக் கூடாது.

ஆகவே வருகிற ஞாயிறு பூசை முடிந்ததும் பத்துக் குடும்பம் ஒரு கொப்பியுடன் மரநிழலில் இருங்கள். முதற் பக்கத்தில் ஒவ்வொருவரின் ஊர், காணியின் பெயர், எத்தனை பரப்பு, உறுதி யாரிடம் இருக்கிறது, கிணறு பங்குக் கிணறா சொந்தமா என்று எழுதுங்கள். இரண்டாம் பக்கத்தில் யாருக்கு எவ்வளவு கடன், என்ன வட்டி என்று எழுதுங்கள். ஆட்டைப் பற்றி மூன்றாம் பக்கத்தில் பார்க்கலாம்.