சிவப்பு உப்பின் மேல் வீண்பழி

டெல்டாவில் இயற்கை விவசாயம் பற்றிப் பேச்செடுத்தால் இரண்டு வாக்கியங்கள் தவறாமல் வந்து விழும். "யூரியா, டிஏபி, பொட்டாஷ் எல்லாமே ஃபாக்டரி விஷம்" என்பது ஒன்று. "காவிரி வண்டல் இருக்க மூட்டை உரம் எதற்கு?" என்பது மற்றது. யூரியாவுக்கும் டிஏபிக்கும் வாதாட வேறு ஆட்கள் இருக்கிறார்கள். பொட்டாஷ் மேல் சுமத்தும் பழி மட்டும் வெறும் அறியாமை. அதற்கான விலையை நம் வயல்கள் கொடுத்துக்கொண்டிருக்கின்றன.

யூரியா ஆலையில் பிறப்பது உண்மைதான். எரிவாயுவையும் காற்றிலுள்ள நைட்ரஜனையும் கொண்டு அதைச் சமைக்கிறார்கள். பொட்டாஷ் மூட்டைக்குள் இருக்கும் பொட்டாசியம் குளோரைடோ கடல் வற்றிப் படிந்த உப்பு. கனடாவின் சஸ்காட்சுவான் மாகாணம் இருக்குமிடத்தில் ஏறக்குறைய 38 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு கடல் சுண்டிக்கொண்டே போனது. சுண்ணாம்பும் ஜிப்சமும் முதலில் படிந்தன, அப்புறம் சோற்றுப்பு, கடைசியாக எஞ்சிய கெட்டி நீரிலிருந்துதான் பொட்டாசிய உப்பு. வேதாரண்யம் உப்பளத்துக்காரருக்கு இதை விளக்கவே வேண்டாம். உப்பு வாரியபின் பாத்தியில் நிற்கும் கசப்பு நீரில் தங்கியிருப்பவற்றில் இந்தச் சரக்கும் உண்டு.

அந்தச் சஸ்காட்சுவான் உப்புப் படுகை 1943-இல் எண்ணெய் தேடித் துளையிட்டபோது தட்டுப்பட்டது. அந்த மாகாணத்தின் சாஸ்கட்டூன் நகர்ப் பக்கம் அது ஒரு கிலோமீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. நடுவில் நீர் ஊறும் மணலடுக்கு வேறு. மண்ணையே உறையவைத்துப் பனிக்கட்டியாக்கி, அதன் ஊடே குழி இறக்கித்தான் 1962-இல் எஸ்டர்ஹேசியில் சுரங்கத்தைத் திறந்தார்கள். மேலே வரும் பாறையை நொறுக்கி, சோற்றுப்பைப் பிரித்து, மூட்டை கட்டுகிறார்கள். சிவப்பு நிறத்தைச் சாயம் என்று நினைப்பவர்கள் உண்டு. பாறையிலேயே கலந்திருக்கும் இரும்புத் துரு அது.

உப்பு என்பதால் கண்ணை மூடிக்கொண்டு கொட்டலாம் என்று சொல்லவில்லை. கடலோர உவர் நிலத்தில் குளோரைடை யோசித்துத்தான் போட வேண்டும். குறை சொல்லியே தீர வேண்டுமென்றால், அதைத் தோண்டும் முறையில் வேண்டிய அளவு இருக்கிறது. ரஷ்யாவின் பெரெஸ்னிகி நகருக்கு அடியிலிருந்த பொட்டாஷ் சுரங்கத்தில் 2006-இல் வெள்ளம் புகுந்தது. அடுத்த ஆண்டே தரை உள்வாங்கிப் பெரும்பள்ளம் விழுந்தது. மீத்தேன், ஹைட்ரோகார்பன் திட்டங்களுக்கு எதிராக நின்று, 2020-இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தை வாங்கியவர்கள் நாம். நம் நெல்லுக்காக இன்னொருவர் ஊரின் அடிவயிறு தோண்டப்படுவதைப் பற்றியும் நாம் பேசலாம். ஆனால் எந்த மேடையிலும் அந்தப் பேச்சைக் காணோம். "கெமிக்கல்" என்ற ஒரு சொல்லோடு விவகாரம் முடிந்துவிடுகிறது.

வண்டலுக்கு வருவோம். 1934-இல் மேட்டூர் அணை எழுந்ததிலிருந்து, காவிரி இழுத்துவரும் வண்டலில் பெரும்பங்கு அந்த அணையின் ஸ்டான்லி நீர்த்தேக்கத்திலேயே அமிழ்ந்துவிடுகிறது. தாத்தா காலத்து மண் இன்னும் வயலில் இருக்கிறது, சரி. அந்தத் தாத்தா அதை எப்படி வைத்திருந்தார்? வைக்கோலை மாடு தின்றது, சாணம் வயலுக்குத் திரும்பியது. அடுப்புச் சாம்பல் குப்பைக்குழிக்குப் போனது. கோடையில் ராமநாதபுரத்துக் கீதாரிகள் வந்து ஆட்டுக்கிடை போட்டார்கள்.

நெற்பயிர் உறிஞ்சும் சாம்பல்சத்தில், அதாவது பொட்டாசியச் சத்தில், ஐந்தில் நாலு பங்கு வைக்கோலில்தான் தங்குகிறது. நெல்மணிக்குப் போவது ஒரு பங்குதான். இன்று அறுவடை மெஷின் போன கையோடு கட்டு கட்டும் மெஷின் வயலில் இறங்குகிறது. லாரி கேரளத்துக்குப் புறப்படுகிறது. இரண்டு டன் வைக்கோல் ஏறினால், ஐம்பது கிலோ பொட்டாஷ் மூட்டையில் உள்ள 30 கிலோ சாம்பல்சத்துக்கும் மேலாகவே வயலை விட்டுப் போகிறது. வைக்கோலை மூடாக்காகப் போடச் சொல்லியே ஓய்ந்த இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வாரின் படத்துக்கு மாலை போட்டுவிட்டு, அவர் மண்ணில் போடச் சொன்னதை விலைபேசி ஏற்றிவிடுகிறோம். அப்புறம் சாம்பல்சத்துக் குறைந்து ஐப்பசி, கார்த்திகை மழையில் சம்பா சாய்ந்தால் பழி காற்றின் மேல். இலையில் செம்புள்ளி வந்தால் விதையின் மேல்.

மூட்டை உரம் போடுகிறவர்களும் ஒன்றும் ஒழுங்கில்லை. யூரியா மலிவு, அதனால் பயிர் கருக்கும்வரை யூரியா. பொட்டாஷ் என்றால் கதிர் வரும் நேரத்தில் "மணி எடை ஏற" ஒரு கை. தூர்கட்டும் பருவத்திலேயே பயிர் அதற்காக ஏங்கியது யார் கண்ணிலும் படுவதில்லை. அது வரும் வழியும் நம் கையில் இல்லை. ராஜஸ்தானின் நாகௌர்–கங்காநகர் படுகையில் பொட்டாஷ் இருப்பது தெரிந்தும் உற்பத்தி இன்னும் தொடங்கவில்லை. இந்தியாவுக்கு வேண்டிய பொட்டாசியம் குளோரைடு முழுக்கக் கப்பலில்தான் வருகிறது. 2022-இல் பெலாரஸ் மேல் தடை, ரஷ்யா–உக்ரைன் போர் என்று வந்ததும் இங்கே ஒரு மூட்டை 1,700 ரூபாயைத் தொட்டது. அந்த விலையைப் பார்த்து வாங்காமல் திரும்பியவர்கள் வைக்கோலை மட்டும் வழக்கம்போல விற்றார்கள்.

வைக்கோல் கட்டும் மெஷினுக்கு அரசு மானியம் தருகிறது. மண்வள அட்டையில் சாம்பல்சத்துக்கென்று ஒரு கட்டமும் இருக்கிறது. ஏற்றிப்போகும் வைக்கோலில் எத்தனை கிலோ சாம்பல்சத்து என்று வியாபாரியின் ரசீதிலும் ஒரு வரி எழுதச் சொல்லிப் பார்க்கட்டும். அடுத்த போகத்துக்கே வைக்கோல் விலை பேசும் விதம் மாறிவிடும்.