வாசல் நாற்காலியைக் கவனியுங்கள்

தாராவியில் பத்துக்குப் பத்து அறையில் குடியிருக்கும் நம்மவர்களுக்கு வாசல்தான் திண்ணை. அங்கே கிடக்கும் இரும்பு நாற்காலி மழை, வெயில் எல்லாவற்றையும் தாங்கும் என்பது நம் நினைப்பு. "பவுடர் கோட்டிங் போட்டது, துருப்பிடிக்காது" என்று நானும் நம்பியிருந்தேன். சென்ற மழைக்காலத்தில் என் தந்தையார் உட்கார்ந்தபோது அதன் கால் மடங்கிவிட்டது. நல்லவேளை, முழங்கைச் சிராய்ப்போடு போயிற்று.

தவறு என்னுடையதே. அழுக்குப் போக வேண்டுமென்று கம்பி நாரால் தேய்த்தவன் நான்தான்.

பவுடர் கோட்டிங் என்பது உலர்ந்த வண்ணப்பொடியை மின்னேற்றி இரும்பின்மீது தூவி, ஏறத்தாழ 180 முதல் 200 டிகிரி சூட்டில் உருக்கிப் படியவைக்கும் பூச்சு. அதன் கனம் பொதுவாக ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இராது. கீறல் விழுந்தால் போதும். மாஹிம் பக்கமிருந்து வரும் கடற்காற்றின் உப்பும், ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்யும் மழையும் உள்ளே புகுந்துவிடும். மேலே பளபளப்பு இருக்கும்போதே அடியில் துரு அரித்துக்கொண்டிருக்கும்.

செய்ய வேண்டியது அதிகமில்லை. மாதம் ஒருமுறை சோப்பு நீரில் நனைத்த மெல்லிய துணியால் துடைத்து, நல்ல நீரில் அலசி, ஈரமில்லாமல் உலர்த்துங்கள். ஆசிட், தின்னர் வேண்டவே வேண்டாம். காலடி ரப்பர் புஷ்களைக் கழற்றி, தேங்கிய நீரை வடியுங்கள். உரிந்த இடத்தில் உப்புத்தாளால் துருவைத் தேய்த்தெடுத்து, பிரைமர் பூசி, பெயிண்ட் அடியுங்கள்.

ஊர் கழித்துப் போட்ட தகரத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் மறுபிறவி கொடுக்கும் இடம் நம் தாராவி. நம் வீட்டுப் பெரியவர்கள் நம்பி உட்காரும் நாற்காலியை நாம் கவனிக்க வேண்டாமா?