முதலில் சேரியைக் கேள்!

மயிலாப்பூரில் ஒரு வங்கிக் கவுன்ட்டரில் உட்கார்ந்திருக்கும் எனக்கு ஊர்ப்பேச்செல்லாம் சும்மாவே காதில் விழும். 2019-ல் அது அமெரிக்கப் பேச்சு. "நம்மாத்துப் பொண்ணு பிரசிடென்ட் ஆகப்போறா சார்!" கமலா ஹாரிஸின் தாத்தா பெசன்ட் நகரில் வாழ்ந்தவராம், அதனால் இந்தப் பூரிப்பு. கமலாவின் அப்பா கறுப்பர் என்பது ஒருத்தர் வாயிலும் வரவில்லை. 'நம்ம' என்றால் எந்த 'நம்ம' என்று புரிகிறதா தோழர்களே?

ஜூன் மாத விவாதத்துக்குப் பின் கருத்துக்கணிப்புகளில் கமலா ஏறினார், பிறகு சரிந்தார். டிசம்பர் 3-ல், பணமில்லை என்று விலகினார். அவருடைய கட்சியின் வேட்பாளர் தேர்வில் முதல் ஓட்டு விழுந்ததே 2020 பிப்ரவரியில்தான். ஒரு ஓட்டும் விழாமலே ஏற்றினார்கள், இறக்கினார்கள். கணிப்பைப் பார்த்துப் பணம் வருகிறது, பணத்தைப் பார்த்துப் பத்திரிகை வருகிறது.

ஆனாலும் அங்கே கணிப்பைக் கவிழ்க்க ஓட்டு என்று ஒன்று இருக்கிறது. 2007 முழுக்க ஹிலாரிதான் முன்னணி. வெள்ளையன் ஒபாமாவுக்குப் போடமாட்டான் என்று கறுப்பர்களே பலர் நம்பினார்கள். 2008 ஜனவரி 3-ல், வெள்ளையர்கள் நிறைந்த அயோவாவில் ஒபாமா ஜெயித்தார். கணிப்பு குப்பைக்குப் போனது.

நமக்கும் அப்படியொரு முதற்சுற்று இருந்தது என்பது எத்தனை மாணவருக்குத் தெரியும்? 1932 பூனா ஒப்பந்தம் இரட்டை வாக்குரிமையைப் பறித்துக்கொண்டு கொடுத்த மிச்சம் அது. தனித்தொகுதிக்குத் தலித் வாக்காளர்கள் மட்டும் ஓட்டுப்போட்டு நாலு பேரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த நாலு பேரில் ஒருவரை ஊரும் சேரியும் சேர்ந்து தேர்ந்தெடுக்கும். விளைவு? சேரி முதலிடம் கொடுத்தவனை ஊர் தோற்கடிக்க முடிந்தது. 1946-ல் ஷெட்யூல்டு சாதிகள் சம்மேளனம் இறுதிச் சுற்றில் படுதோல்வி கண்டது. எங்கள் பலத்தை முதற்சுற்றை வைத்து அளந்து பார் என்று அம்பேத்கர் வாதாடினார். பிரிட்டிஷ் அமைச்சரவைத் தூதுக்குழு காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1950 அரசியல் சட்டத்தில் அந்த முதற்சுற்றும் இல்லை.

இன்று தமிழகத்தில் தலித்துகளுக்கு 44 தனித்தொகுதிகள். சென்னையில் எழும்பூரும் திரு.வி.க. நகரும். வேட்பாளர் யார் என்று யாரைக் கேட்கிறார்கள்? நேர்காணல் என்று கூப்பிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, 'வெற்றி வாய்ப்பு' பார்க்கிறார்கள். ஊருக்குப் பிடித்தவனுக்கே வெற்றி வாய்ப்பு. தி.நகர், மயிலாப்பூர் மாதிரிப் பொதுத் தொகுதி கேட்டால், "உனக்கு யாருப்பா போடுவான்?" என்ற ஒரே கேள்வி. இதுவும் கருத்துக்கணிப்புதான். யாரையும் கேட்காமலே எடுத்த கணிப்பு!

ஆகவே நம் கோரிக்கை சின்னதுதான். தனித்தொகுதிக்கு ஆள் நிறுத்தும் எந்தக் கட்சியும், நம் கட்சிகள் உட்பட, அந்தத் தொகுதியின் தலித் உறுப்பினர்களிடம் முதலில் பெட்டி வைத்து ஓட்டு வாங்கட்டும். சட்டம் தடுக்கவில்லை. தடுப்பது பயம்தான். ஒருமுறை கேட்டுவிட்டால் சேரி பதில் சொல்லிவிடுமே என்கிற பயம்.