பயறு பட்டினியால் வாடவில்லை

உளுந்துச் செடி வெளிறினால் உடனே சொல்லப்படும் வைத்தியம் ஒன்றுதான்: "சத்து பத்தலை, ஒரு மூட்டை போடு". ஜார்கண்ட், ஒடிசா மேட்டு நிலங்களின் புளித்த செம்மண்ணில் இந்த வைத்தியம் பல நேரம் நோயை விட மோசம்.

மண்ணின் பி.எச். 5.5-க்குக் கீழே இறங்கினால், கரையாமல் கிடந்த மாங்கனீஸ் கரைந்து வேருக்குள் போகிறது. மழைநீர் தேங்கினால் இன்னும் அதிகமாக! ஒளிச்சேர்க்கைக்கு மாங்கனீஸ் தேவைதான், ஆனால் துளியளவு. மீறினால் முதிர்ந்த இலையில் பழுப்புப் புள்ளிகள், இளம் இலையில் சுருக்கம். இரும்புச்சத்தையும் அது மறிப்பதால் இலை மஞ்சளாகும். பார்ப்பவருக்கு அசல் பற்றாக்குறை மாதிரியே தெரியும். கோளாறு ஆரம்பிப்பது இங்கேதான்.

பயறு வகைக்கு அடி இரட்டிப்பு. வேர் முடிச்சில் தழைச்சத்து சேர்த்துத் தரும் ரைசோபியமும் புளித்த மண்ணில் சரியாகப் பிழைப்பதில்லை. முடிச்சு குறைந்தால் யூரியா. அந்த யூரியா நைட்ரேட்டாக மாறும்போது மண் மேலும் புளிக்கிறது, மாங்கனீஸ் மேலும் கரைகிறது. எரிகிற நெருப்பில் எண்ணெய்.

இது ஊகம் அல்ல. ராஞ்சியில் 1972-ல் தொடங்கிய நீண்டகால சோயா-கோதுமை பரிசோதனையில், தழைச்சத்து மட்டும் போட்ட பாத்திகளில் மண் புளித்து விளைச்சல் சரிந்தது. உரத்தோடு சுண்ணாம்பும் போட்ட பாத்திகள் தாக்குப்பிடித்தன. இத்தனை வருடம் கழித்தும் 45 கிலோ யூரியா மூட்டை மானியத்தில் 266 ரூபாய் 50 காசு. சுண்ணாம்புக்கு அப்படி நாடு முழுக்க ஒரே மானிய விலை கிடையாது. எது மலிவோ அதைத்தானே விவசாயி வாங்குவார்? விலையை இப்படி வைத்துவிட்டு "விழிப்புணர்வு இல்லை" என்று அவரைக் குறை சொல்வது அநியாயம்.

சுண்ணாம்பு டன் கணக்கில் வேண்டுமே, யார் சுமப்பது என்பார்கள். நிலம் முழுக்க இறைத்தால்தான் அந்தக் கணக்கு. விதைக்கும் சாலில் மட்டும் இட்டால் ஹெக்டேருக்குச் சில குவிண்டால் போதும். புளிப்பைத் தாங்கும் பயிரைப் போடலாமே என்பது அடுத்த பதில். தட்டைப்பயறு பீன்ஸை விடத் தாங்கும், உண்மை. மண் புளித்துக்கொண்டே போனால் அது மட்டும் எத்தனை நாள் தாங்கும்?

2015-ல் வந்த மண்வள அட்டை பி.எச்., மாங்கனீஸ் இரண்டையும் அளக்கிறது, பாராட்டலாம். ஆனால் மாங்கனீஸுக்கு எதிரே வருவது "போதுமானது" அல்லது "பற்றாக்குறை". செடியைக் கொல்லும் அளவுக்கு இருந்தாலும் அட்டையில் "போதுமானது"! "அதிகம்" என்று இன்னொரு கட்டம் அச்சடிக்க எவ்வளவு மை செலவாகும்?