முப்பது நாள் நோட்டீஸும் கலிமாவும்

ஆணவக் கொலைகளைத் தடுக்கும் தனிச்சட்டத்துக்குப் பரிந்துரை செய்ய, ஓய்வுபெற்ற நீதிபதி கே.என்.பாஷா தலைமையில் ஆணையம் அமைக்கப்படும் என்று 2025 அக்டோபர் 17 அன்று முதல்வர் சட்டப்பேரவையில் அறிவித்தார். பாளையங்கோட்டை கே.டி.சி. நகரில் ஜூலை 27 அன்று ஓர் இளம் பொறியாளர் வெட்டிக் கொல்லப்பட்டதற்குப் பிறகு வந்த அறிவிப்பு இது. வரவேற்கிறேன். ஆனால், அதையொட்டித் திருநெல்வேலி டவுணில் நடக்கும் பேச்சைக் கேட்டால் எரிச்சல்தான் வருகிறது. சாதி மீறிய கல்யாணத்துக்குப் பாதுகாப்பு கேட்கும் அதே வாய், மதம் மீறிய கல்யாணம் என்றதும் ‘அது வேற, ஷரீஅத் சம்பந்தப்பட்ட விஷயம்’ என்று ஒதுங்கிக்கொள்கிறது.

ஷரீஅத் என்னதான் சொல்கிறது? குர்ஆனின் 5ஆம் அத்தியாயம் 5ஆம் வசனம், வேதம் அருளப்பட்ட சமூகத்தின் ஒழுக்கமுள்ள பெண்களை, அதாவது யூத, கிறிஸ்தவப் பெண்களை, முஸ்லிம் ஆண் மணக்க அனுமதிக்கிறது. 2ஆம் அத்தியாயம் 221ஆம் வசனம் இணைவைப்போரை மணப்பதை இரு பாலருக்கும் தடுக்கிறது. முஸ்லிம் பெண் முஸ்லிம் அல்லாத எவரையும் மணக்கக் கூடாது என்பதில் நான்கு மத்ஹபுகளும் (சட்டப் பள்ளிகளும்) ஒன்றுபடுகின்றன. டவுண், பேட்டை, மேலப்பாளையம், பாளையங்கோட்டை எல்லாம் ஒரே மாநகராட்சி. மேலப்பாளையத்து முஸ்லிம் பையன், பாளையங்கோட்டைக் கிறிஸ்தவப் பெண்ணை அவள் சர்ச்சுக்குப் போவதை நிறுத்தாமலேயே நிக்காஹ் செய்ய ஹனஃபி சட்டத்தில் இடமுண்டு. ஷாஃபி சட்டம் இன்னும் இறுக்கம்: பெண்ணின் முன்னோர் நபிகளுக்கு முன்பே அந்த வேதத்தை ஏற்றிருக்க வேண்டும். நம் சீமைக் கிறிஸ்தவர் எவரும் அந்தக் கணக்கில் தேற மாட்டார்கள். ராவுத்தர்கள் ஹனஃபி, காயல்பட்டினத்தார் ஷாஃபி. ஆகவே பொருநை என்னும் தாமிரபரணிக் கரையிலேயே இரண்டு விடைகள் உண்டு.

நடைமுறையில் இந்த நுணுக்கம் எதையும் யாரும் பார்ப்பதில்லை. இந்துவோ, கிறிஸ்தவரோ, ஆணோ, பெண்ணோ, எல்லாருக்கும் ஒரே பதில்தான்: ‘முதல்ல கலிமா சொல்லட்டும், பிறகு தப்தர்ல எழுதலாம்.’ கலிமா என்பது இஸ்லாத்தை ஏற்கும் உறுதிமொழி; தப்தர் என்பது ஜமாஅத்தின் திருமணப் பதிவேடு.

இதற்குக் காரணம் மார்க்கம் அல்ல, குடும்ப மானம் என்று நான் பல காலமாகச் சொல்லிவருகிறேன். அதற்கு ஆதாரம் பியூ ஆய்வு மையம் 2021இல் வெளியிட்ட அறிக்கை. நாடெங்கும் சுமார் 30,000 பேரிடம் நேரில் கேட்டு எழுதியது. தங்கள் சமூகப் பெண்கள் வேறு மதத்தில் மணப்பதைத் தடுப்பது மிக முக்கியம் என்று சொன்ன முஸ்லிம்கள் 80 சதவீதம். ஆண்களைத் தடுப்பது மிக முக்கியம் என்றவர்கள் 76 சதவீதம். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மார்க்கச் சட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் மலையளவு வேறுபாடு. மக்கள் மனத்தில் வெறும் 4 புள்ளி. குர்ஆன் வசனத்தைப் பார்த்து மக்கள் முடிவெடுத்திருந்தால் இந்த இடைவெளி முப்பது, நாற்பது என்று விரிந்திருக்க வேண்டும். இந்துக்களிடம் இதே கேள்விக்கு 67, 65. வசனமே இல்லாத இடத்திலும் அதே வடிவம்! வீட்டுப் பிள்ளை கைமீறிப் போகக் கூடாது என்கிற பதற்றம்தான் இரண்டு பக்கத்திலும் பேசுகிறது. கே.டி.சி. நகரில் அரிவாளைத் தூக்கியதும் அதே பதற்றம்தான்.

மதம் மீறிய கல்யாணத்தை ‘லவ் ஜிகாத்’ என்று கூவுகிறவர்களோடு வாதிட எனக்கு இடமில்லை. அவர்களுக்குப் பெண் ஒரு சொத்து, அவ்வளவுதான். ‘எங்கள் தனியார் சட்டத்தில் கை வைக்காதே’ என்று கூட்டம் போடும் ஜமாஅத் பிரமுகர்களுக்கும் ஒரே கேள்வி: கிறிஸ்தவப் பெண்ணிடம் குர்ஆன் கேட்காத கலிமாவை நீங்கள் ஏன் கேட்கிறீர்கள்?

அரசாங்கமும் இதில் குற்றவாளி. 1872இன் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம், 4ஆம் பிரிவு: இருவரில் ஒருவர் கிறிஸ்தவராக இருந்தாலும் அந்தச் சட்டப்படிதான் மணம் நடக்க வேண்டும், இல்லையேல் செல்லாது. ஷரீஅத் அனுமதித்த நிக்காஹை வெள்ளைக்காரன் சட்டம் தடுத்து நிற்கிறது. மிச்சமிருப்பது 1954இன் சிறப்புத் திருமணச் சட்டம். யாரும் மதம் மாற வேண்டாம், இருவருக்கும் சம உரிமை, வாரிசுகளுக்கு இந்திய வாரிசுரிமைச் சட்டம். நல்ல சட்டம்தான். ஆனால் அதன் 5, 6ஆம் பிரிவுகளைப் படித்தால் ரத்தம் கொதிக்கிறது. 30 நாளுக்கு முன்பே நோட்டீஸ் கொடுக்க வேண்டும். பெயர், வயது, தொழில், முன்பு மணமானவரா, இருக்கும் விலாசம், சொந்த ஊர் விலாசம், எத்தனை நாளாகக் குடியிருக்கிறார் என்பது வரை அந்தப் படிவத்தில் உண்டு. அதைப் பதிவு அலுவலகத்தில் எல்லார் கண்ணிலும் படும்படி ஒட்ட வேண்டும். சொந்த ஊர் வேறு மாவட்டமானால் நகல் அங்கேயும் போகும். பத்திரம் பதிய வந்த ஒரு பெரியப்பாவோ சித்தப்பாவோ செல்போனில் ஒரு படம் எடுத்தால் போதும், மாலைக்குள் குடும்ப வாட்ஸ்அப்பில் வந்துவிடும். 2024 ஜூனில், ஒரு சாதி மறுப்புத் திருமணத்துக்குத் துணை நின்றதற்காக மார்க்சிஸ்ட் கட்சியின் மாவட்ட அலுவலகமே அடித்து நொறுக்கப்பட்ட ஊர் இது. இங்கே இரண்டு பிள்ளைகள் தங்கள் விலாசத்தைச் சுவரில் ஒட்டிவிட்டு ஒரு மாதம் காத்திருக்க வேண்டுமாம்!

கலிமா சொல்லவோ, ஞானஸ்நானம் வாங்கவோ, கோயிலில் தாலி கட்டவோ ஒரு நாள் போதும். உயிருக்குப் பயந்தவர்கள் எந்தக் கதவைத் தட்டுவார்கள்? மதமாற்றத் திருமணங்களை உற்பத்தி செய்வது இந்த நோட்டீஸ்தான்.

நீதிமன்றங்களை நம்பியும் பயனில்லை. 2019இல் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம், முஸ்லிம் ஆணுக்கும் இந்துப் பெண்ணுக்கும் நடந்த மணம் முறையற்றதுதான், ஆனால் அடியோடு செல்லாததல்ல என்றது. பிள்ளைக்குத் தகப்பன் சொத்தில் பங்கு உண்டு, மனைவிக்கு மஹர் (மணக்கொடை) உண்டு, வாரிசுரிமை கிடையாது. தின்ஷா முல்லா என்ற பம்பாய்ப் பார்சி வழக்கறிஞரின் சட்ட நூலை ஒட்டிய தீர்ப்பு. 2024 மே மாதம் மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றம் ஒருபடி மேலே போய், சிறப்புத் திருமணச் சட்டத்தில் பதிந்தாலும் அது முறையற்றதே என்று சொல்லிப் போலீஸ் பாதுகாப்பை மறுத்தது. ‘வேறு எந்தத் திருமணச் சட்டம் என்ன சொன்னாலும்’ என்றுதான் அந்தச் சட்டத்தின் 4ஆம் பிரிவே தொடங்குகிறது. நீதிபதி அதற்கு உரிய மதிப்புக் கொடுக்கவில்லை. நீதிமன்றம் கைவிட்டாலும் அரசு செய்யலாம்: முஸ்லிம் பெண்கள் பிற மதத்தவரை மணப்பதற்கு இருந்த 1973 தடைச் சுற்றறிக்கையை 2017இல் துனிசியா ரத்து செய்தது. முஸ்லிம் நாடு செய்ததை நாம் யோசிக்கவும் தயங்குகிறோம்.

தமிழ்நாடு தயங்க வேண்டியதே இல்லை. 1967இல் அண்ணா அரசு இந்துத் திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவைச் சேர்த்தது. புரோகிதர் வேண்டாம், மாலையோ மோதிரமோ மாற்றினால் போதும். குடியரசுத் தலைவர் ஒப்புதலும் கிடைத்தது. ஆனால் அது இருவரும் இந்துவாக இருந்தால் மட்டும். பேட்டை முஸ்லிம் பையனுக்கும் டவுண் இந்துப் பெண்ணுக்கும் அந்தக் கதவு இன்றும் அடைப்புதான். திருமணம் பொதுப் பட்டியலில் இருக்கிறது. அன்று முடிந்த மாநிலத் திருத்தம் இன்றும் முடியும். 30 நாள் காத்திருப்பை எடுத்துவிடலாம் என்று சட்ட ஆணையத்தின் 2018 ஆலோசனை அறிக்கையே சொல்லியிருக்கிறது.

பாஷா ஆணையம் கொலைக்கான தண்டனையைக் கூட்டுவதோடு நின்றுவிடக் கூடாது. நோட்டீஸை ஒட்டுவதையும் ஊருக்கு நகல் அனுப்புவதையும் நீக்கும் திருத்தத்தை அதன் அறிக்கையின் முதல் பரிந்துரையாக வைக்க வேண்டும். அது நடந்தால் பத்தே ஆண்டுகளில் இந்த மாவட்டத்தில் கல்யாணத்துக்காக மதம் மாறுகிறவர் ஒருவரும் இருக்க மாட்டார்.