எண்ணெய் டின்னுக்குக் கணக்கு கேட்டா பக்தி குறைஞ்சிடுமா?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையா படிச்சிட்டு அப்புறம் திட்டுங்க.

போன வாரம் எங்கள் தொண்டர் குழு ஆலய நிர்வாகத்திடம் ஒரு கடிதம் கொடுத்தது. கேட்டது பெரிய விஷயம் இல்லை. ஆலயத்துக்கு வர்ற சாமான் எல்லாத்துக்கும் ஒரு ஸ்டோர் புத்தகம் வேணும். கடைக்குப் போய் வாங்குறவர் ஒருத்தர், வந்ததை எண்ணி எடுத்து வைக்கிறவர் இன்னொருத்தர், காசு கொடுக்கிறவர் மூணாவது ஆள், இப்படி இருக்கணும். அவ்வளவுதான். கிடைச்ச பதில் என்ன தெரியுமா? "சாமி காரியத்துல கணக்குப் பார்க்கக்கூடாது தம்பிங்களா. எல்லாம் அம்மா பார்த்துக்குவா."

அம்மா பார்த்துக்கிட்டுத்தான் இருக்கா. நாமதான் பார்க்கறதில்லை.

எண்ணெய் விஷயத்தையே எடுத்துக்குங்க. ஆடித் திருவிழாவுக்கு உபயகாரங்க நேரா கொண்டு வந்து இறக்கின நல்லெண்ணெய் 14 டின். நாங்களே தூக்கி வச்சோம், அதனால எண்ணிக்கை தெரியும். அதே வாரத்துல ஆலயக் காசுல இன்னும் 10 டின் வாங்கினதா பில் இருக்கு. திருவிழா முடிஞ்சு ஸ்டோரைத் திறந்தா 3 டின். யாரும் எடுத்துட்டாங்கன்னு நாங்க சொல்லவே இல்லை. 21 டின்னும் விளக்கிலேயே எரிஞ்சிருக்கலாம். ஆனா எரிஞ்சதுன்னும் காட்ட முடியலை, எரியலைன்னும் காட்ட முடியலை. இதுல பேர் கெட்டது யாருக்கு? வாங்கிட்டு வந்த அண்ணனுக்கு. சொந்த வண்டி, சொந்தப் பெட்ரோல், அத்தனை வளைவும் இறங்கி ஏறி ஈப்போவுக்குப் போயிட்டு வந்த மனுஷன். இன்னிக்கு லயத்துல அவரைப் பத்தி என்ன பேச்சு ஓடுதுன்னு உங்களுக்கே தெரியும். அவர் கையில ஒரு கையெழுத்துப் போட்ட சீட்டு இருந்திருந்தா ஒருத்தர் வாய் திறந்திருப்பாங்களா?

கணக்குக் கேட்கறது அவமரியாதைன்னு சொல்றவங்க ஒண்ணை மறந்துட்டாங்க. 1929ல ஜே.ஏ. ரஸல் போ தோட்டத்தைத் தொடங்கின காலத்திலேருந்து நம்ம ஆளுங்க இந்த மலையில கொழுந்து பறிச்சிருக்காங்க. கூடை தராசுல ஏறும்போது எங்க பாட்டிமார் கங்காணி முகத்தைப் பார்க்கலை, முள்ளைப் பார்த்தாங்க. ஈரத்துக்குக் கழிவு, கூடைக்குக் கழிவுன்னு எவ்வளவு போகுதுன்னு மனசுக்குள்ளேயே கூட்டிப் பார்த்தாங்க. பள்ளிக்கூடமே போகாதவங்க. அவங்க பேரப் பிள்ளைங்க நாம, போன்லயே பேங்கை வச்சிருக்கோம், கோயில் உண்டியல் பக்கத்துல கியூஆர் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கோம், ஆனா எண்ணெய் டின்னை எண்ண வெட்கமா இருக்கு.

ஆகமம், பாரம்பரியம்னு பேசறவங்களுக்கும் ஒண்ணு சொல்லணும். தஞ்சாவூர் பெரிய கோயில் சுவரைப் படிச்சுப் பாருங்க. ராஜராஜ சோழன் கொடுத்த பொன்னை 'ஆடவல்லான்' என்ற பேருள்ள எடைக்கல்லால நிறுத்ததா வெட்டி வச்சிருக்கான். நெல்லு அளக்க அதே பேருல மரக்கால். ரத்தின நகைகளுக்கு 'தட்சிணமேரு விடங்கன்'னு தனிக் கல். சாமி அபிஷேகத் தண்ணியில போடுற ஏலரிசி, சண்பக மொட்டு, இலாமிச்சை வேர் வாங்க எவ்வளவு முதல், அதுக்கு எவ்வளவு வட்டி, எந்த ஊர்ச் சபை அந்த வட்டியைக் கட்டணும், எல்லாம் கல்லுல இருக்கு. ஏலக்காய்க்குக் கணக்கு எழுதின ராஜாவுக்குப் பக்தி குறைச்சலா?

உத்திரமேரூர் அதுக்கும் மேல. முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு, கி.பி. 919, 921. குடவோலையில பேர் போட யாருக்குத் தகுதி இல்லைன்னு ஒரு பட்டியல். வாரியத்துல இருந்துட்டுக் கணக்குக் காட்டாதவனுக்குக் கிடையாது. அவனோட மட்டும் நிற்கலை. அத்தை மகன், மாமன், மாமனார்னு உறவுமுறை சொல்லிச் சொல்லி அவங்களுக்கும் கிடையாதுன்னு வெட்டியிருக்காங்க. நம்ம செயலவைத் தேர்தலுக்கு இந்த விதியைக் கொண்டு வந்தா எத்தனை நாற்காலி காலியாகும்னு நாங்க சொல்ல மாட்டோம்.

சரி, வாங்குறது அவ்வளவு சுலபமான்னா, இல்லை. அதை முதல்ல ஒத்துக்கணும். இது கேமரன்மலை. ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம். தேங்காய் கீழேருந்து வரணும். மல்லிகை, வெத்திலை, மாவிலை, கற்பூரம் எல்லாம் தாப்பா வழியாவோ சிம்பாங் பூலாய் வழியாவோதான் ஏறி வரணும். ஆண்டுக் கடைசி மழையில மண் சரிஞ்சு ரோடு அடைச்சா, அன்னிக்குப் பூஜைக்கு என்ன இருக்கோ அதுதான். டவுன்ல இருக்கிற கோயில் மாதிரி பக்கத்துக் கடைக்கு ஓட முடியாது. அதனாலதான் முன்கூட்டியே பட்டியல் போடணும்னு கத்துறோம்.

பூ விஷயத்துல நடக்கிற கூத்தைப் பாருங்க. பிரிஞ்சாங்கிலேருந்து கம்போங் ராஜா வரைக்கும் ரோட்டு ரெண்டு பக்கமும் பிளாஸ்டிக் கூரை, உள்ளே செவ்வந்தி. இங்க விளையுற பூ லோரியில ஈப்போவுக்கு இறங்குது. அங்க மாலையாகி, இன்னொரு வண்டியில ஏறி, நம்ம அம்மன் கழுத்துக்கு வருது. ரெண்டு லோரிக் கூலியையும் கொடுக்கிறது பக்தர்கள். தோட்டக்காரரிடம் நேரா வாங்கலாமேன்னு கேட்டா, "அவங்க சில்லறையா கொடுக்க மாட்டாங்க"ன்னு பதில். உண்மைதான். திருவிழாவுக்கு மூணு நாள் முன்னாடி போய் நின்னா யார் கொடுப்பாங்க? அவங்க பெட்டிக் கணக்குல பல வாரத்துக்கு முன்னாடியே மொத்த வியாபாரிக்குச் சொல்லிடுறாங்க. நம்ம திருவிழாத் தேதி போன வருஷமே பஞ்சாங்கத்துல இருக்கு. ஆர்டர் மட்டும் கடைசி வாரம்தான் போகுது. மாலை கட்டத் தெரிஞ்ச அம்மாமார் இந்தத் தோட்டத்துல இன்னும் இருக்காங்க. அவங்களை யாரும் கேட்டதே இல்லை.

பட்டியல் எழுதுற லட்சணமும் சொல்லியாகணும். ஒரு தடவை "பால் 50"ன்னு எழுதிக் கொடுத்தாங்க. வாங்கப் போனவர் 50 டின் கெட்டிப்பால் வாங்கிட்டு வந்துட்டார். அபிஷேகத்துக்கு! சிரிக்காதீங்க, அவர் மேல தப்பே இல்லை. என்ன பால், எத்தனை லிட்டர்னு எழுதாத தாள் அது. அடுத்த மூணு மாசம் ஆலயத்துல தேத்தண்ணி மட்டும் நல்லா இருந்துச்சு.

கோட்டேஷன்னு ஒரு நாடகம் நடக்குது. மூணு கடையில விலை கேட்கணும்னு தீர்மானம் போட்டாச்சு, மினிட்ஸ்ல இருக்கு. பந்தலுக்கு மூணு தாள் வந்தது. மூணு கம்பெனி பேரு, மூணு விலை. மூணு தாள்லயும் ஒரே எழுத்துப் பிழை, ஒரே இடத்துல. அதை யாரும் பார்க்கலையா, பார்த்தும் பேசலையா? மூணு தாள் இருந்தாப் போதும்னு நினைச்சா விதி எதுக்கு? விலை கேட்கறது ஒருத்தர், உறையைப் பிரிக்கறது நாலு பேர் முன்னாடின்னு வச்சா இந்த நாடகத்துக்கு மேடையே இருக்காது.

நிர்வாகத்துல இருக்கிறவர் கடையில வாங்கக் கூடாதான்னு கேட்கறாங்க. தாராளமா வாங்கலாம். கடன்ல சாமான் கொடுத்து, உண்டியல் திறக்கிற வரைக்கும் காத்திருக்கிற கடை நமக்கு வேணும். அந்த உதவியை நாங்க மறக்கலை. ஆனா அந்த விலையை முடிவு பண்ற கூட்டத்துல கடைக்காரர் எழுந்து வெளியே போகணும். "இது என் கடை"ன்னு மினிட்ஸ்ல இருக்கணும். இது கௌரவக் குறைச்சல் இல்லை. அவரையே காப்பாத்துற விஷயம்.

கும்பாபிஷேகம்னு வந்தா சின்ன விஷயமெல்லாம் பெருசாயிடும். 12 வருஷத்துக்கு ஒரு தடவை வர்றது, அப்ப இருந்தவங்க இப்ப இல்லை, அனுபவம் எழுத்துல இல்லை. ஸ்தபதிக்கு எவ்வளவு முன்பணம், சிலை எத்தனை அடி, என்ன பெயிண்ட், எத்தனை கோட், ஒண்ணும் தாள்ல இல்லாம கையைக் குலுக்கி முடிச்சுடறாங்க. நம்ம மலைப் பனிக்கும் ஈரத்துக்கும் மலிவுப் பெயிண்ட் நிக்காது. விமானத்துச் சாமி முகம் உரியும்போதுதான் ஒப்பந்தத்தைத் தேடுவாங்க. வேலை எவ்வளவு முடியுதோ அவ்வளவுக்குப் பணம், கடைசிப் பங்கு 48 நாள் மண்டலாபிஷேகம் முடிஞ்ச பிறகு. இப்படி ஒரு பக்கம் எழுதினாப் போதும். நல்ல ஸ்தபதி யாரும் இதுக்குக் கோவிச்சுக்க மாட்டார்.

"நம்மது சின்னக் கோயில், இதெல்லாம் பெரிய கம்பெனிக்குத்தான்"னு ஒரு அண்ணன் சொன்னார். பெரிய கம்பெனியில பத்தாயிரம் வெள்ளி போனா நஷ்டக் கணக்குல எழுதிட்டு நகர்ந்துடுவாங்க. இங்க? 2025 பிப்ரவரியிலேருந்து குறைந்தபட்சச் சம்பளமே மாசம் 1,700 வெள்ளி. அதுல வீட்டுச் செலவு, பிள்ளைங்க பஸ் காசு எல்லாம் போக, ஒரு அம்மா வேண்டுதலுக்காக எண்ணெய் டின் தூக்கிட்டு வர்றாங்க. அந்த டின்னுக்கு ஒரு வரி எழுதறது நமக்குப் பாரமா?

நம்ம ஆளுங்களுக்கு இதெல்லாம் ஒத்துவராதுன்னு சொல்றதைக் கேட்டாத்தான் ரொம்பக் கோபம் வருது. வெள்ளைக்காரன் தோட்டங்களைத் துண்டு போட்டு வித்தப்போ, 1960ல துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பிச்சார். பால் வெட்டின கை கொடுத்த சின்னச் சின்னத் தொகையைச் சேர்த்துத் தோட்டத்தையே வாங்கினாங்க. ரசீது இல்லாம, கணக்கு இல்லாம அது நடந்திருக்குமா?

சட்டமும் இருக்கு. 1966ஆம் ஆண்டு சங்கச் சட்டப்படி, ஆண்டுக் கூட்டம் முடிஞ்சு 60 நாளுக்குள்ள வரவு செலவுக் கணக்கு சங்கப் பதிவிலாகாவுக்குப் போகணும். அந்த 60 நாள்ல பொருளாளர் படுற பாட்டைப் பார்த்தவங்க நாங்க. பழைய பில்லைத் தேடி, மழையில நனைஞ்ச ரசீதைக் காய வச்சு, கடைக்காரரிடம் கெஞ்சி... வருஷம் பூரா வாரம் பத்து நிமிஷம் எழுதியிருந்தா இந்த அலைச்சல் வேண்டாம்.

நிர்வாகம் எங்க கடிதத்துக்கு இன்னும் எழுத்துல பதில் தரலை. வர்ற ஞாயிறு உச்சிகால பூஜை முடிஞ்சு மண்டபத்துல இதைப் பேச நேரம் கேட்டிருக்கோம். உபயம் கொடுத்த குடும்பங்கள் எல்லாம் தயவு செஞ்சு வாங்க. என்ன கொடுத்தீங்க, எத்தனை கொடுத்தீங்கன்னு ஒரு துண்டுத் தாள்ல எழுதிக் கொண்டு வந்தா ரொம்ப உதவி. வெள்ளிக்கிழமை பூஜைக்கு ஒழுங்கா வர்ற, கையெழுத்துப் புரியுற மாதிரி எழுதுற ரெண்டு பேர் ஸ்டோர் பொறுப்புக்கு வேணும். நிர்வாகத்துல இருக்கிறவங்களுக்குச் சொந்தக்காரங்களா இல்லாம இருந்தா நல்லது. விருப்பம் உள்ளவங்க கீழே கமெண்ட்ல பேரைப் போடுங்க. புத்தகம் நாங்க வாங்கிட்டோம், 4 வெள்ளி 50 காசு. ரசீதை முதல் பக்கத்துல ஒட்டியாச்சு.

ஓம் சக்தி.
ஆலயத் தொண்டர் குழு