கடன் வாங்காதவனுக்கு நாணயமில்லையாம்!

மாதச் சம்பளம் வாங்குகிறான். வாடகையும் மின்கட்டணமும் தவறாமல் செலுத்துகிறான். யாரிடமும் ஒரு ரூபாய் பாக்கி வைத்ததில்லை. இப்படிப்பட்ட இளைஞனைச் சந்தேகப்பட்டியலில் வைக்கும் ஏற்பாட்டுக்குத்தான் இந்நாட்டில் ‘கடன் வரலாறு’ என்று பெயர். ஹவுரா மைதானத்தில் மெட்ரோ ஏறி, ஹூக்ளி நதிக்கு அடியில் பயணித்து, சால்ட் லேக் ஐந்தாம் செக்டாரின் கணினி நிறுவனங்களுக்குச் செல்லும் இளம் ஊழியர்கள் வங்கியில் கற்கும் முதல் பாடம் இது. சென்னையிலும் கோவையிலும் நம் பிள்ளைகள் கேட்பதும் இதையேதான். கடன் வேண்டுமா? முன்பே கடன் வாங்கியிருக்க வேண்டும். வாங்கியதில்லையா? ஒரு கடன் அட்டை எடுத்துக்கொள், மதிப்பெண் வளரும்.

300 முதல் 900 வரை செல்லும் இந்த மதிப்பெண்ணை வழங்குவதில் முதன்மையானது சிபில். 2000ஆம் ஆண்டில் இந்திய வங்கிகளையும் நிதி நிறுவனங்களையும் முதலீட்டாளர்களாகக் கொண்டு உருவானது. இன்று அமெரிக்காவின் டிரான்ஸ்யூனியன் நிறுவனத்தின் கையில் இருக்கிறது. வங்கி உரிமம் பெறாத ஊழியர் கூட்டுறவுச் சிக்கன நாணயச் சங்கத்தில் பத்தாண்டுகள் கடன் வாங்கி, ஒரு தவணையும் தவறாமல் அடைத்த தொழிலாளிக்கு இந்த ஏட்டில் இடமில்லை. வங்கிக்கு வட்டி ஈட்டித் தருபவனே இங்கு நாணயஸ்தன்.

முதன்முறை கடன் கேட்போரை வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக நிராகரிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2025 ஜனவரியில் அறிவுறுத்தியது உண்மை. ஒன்றிய நிதித்துறை இணையமைச்சர் நாடாளுமன்றத்திலும் அதை எடுத்துச் சொன்னார். ஆனால் வங்கிகள் தத்தம் கொள்கைப்படி முடிவெடுக்கலாம் என்ற கதவும் அதே பதிலில் திறந்துவைக்கப்பட்டது. அறிவுரைக்கு வங்கிக் கிளையில் என்ன மதிப்பு என்பதைக் கடன் கேட்டுப் போனவர்கள் அறிவார்கள்.

ஹவுராவுக்கு இந்தப் பிரச்சனை புதிதன்று. ‘கீழ்த்திசையின் ஷெஃபீல்டு’ என்று பெயர்பெற்ற இந்நகரின் சணல் ஆலைகளிலும் வார்ப்பாலைகளிலும் சம்பள நாளில் வாசலில் தடியோடு காத்துநின்றவர் காபூலி வட்டிக்காரர். 1931இல் விட்லி தலைமையிலான தொழிலாளர் ஆணையம் இந்தக் கொடுமையைப் பதிவு செய்தது. 1934ஆம் ஆண்டின் வங்காளத் தொழிலாளர் பாதுகாப்புச் சட்டம், கடன் வசூலுக்காகத் தொழிற்சாலை வாசலில் வட்டமிடுவதைக் குற்றமாக்கியது. 1940ஆம் ஆண்டின் வங்காள வட்டிக்கடைக்காரர் சட்டம், ஈடுள்ள கடனுக்கு ஆண்டுக்கு 8 சதவீதம், ஈடில்லாக் கடனுக்கு 10 சதவீதம் என்று தனிவட்டிக்கு வரம்பு கட்டியது. (வங்கிகளுக்கு அப்போதே விலக்கு இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்; அந்த விலக்கின் முழு விலையை இன்று கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.)

கடன் அட்டைக்கு ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்குவது நியாயமற்ற வணிக நடைமுறை என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008 ஜூலையில் தீர்ப்பளித்தது. வங்கிகள் உச்சநீதிமன்றம் சென்றன. பதினாறு ஆண்டுகள் கழித்து, 2024 டிசம்பர் 20 அன்று நீதிபதிகள் பெலா திரிவேதி, சதீஷ் சந்திர சர்மா அமர்வு அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. வட்டி விகிதம் ரிசர்வ் வங்கியின் வரம்புக்குட்பட்ட விஷயம், அட்டைதாரர்கள் விதிமுறைகளை அறிந்தே ஒப்பந்தம் செய்தவர்கள் என்பது வாதம். ரிசர்வ் வங்கியோ உச்சவரம்பு எதையும் நிர்ணயிக்கவில்லை; அதிகமாக வாங்காதீர்கள் என்று வங்கிகளுக்குச் சொல்வதோடு நிற்கிறது.

‘அறிந்தே’ என்ற சொல்லைக் கணக்கில் போட்டுப் பார்ப்போம். பாக்கி 40,000 ரூபாய். அதில் 5 சதவீதம், அதாவது 2,000 ரூபாய், குறைந்தபட்சமாகக் கட்டினால் போதும் என்கிறது ரசீது. மாத வட்டி 3.5 சதவீதம் என்றால் 1,400 ரூபாய். வட்டியின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 252 ரூபாய். கட்டிய இரண்டாயிரத்தில் அசலில் கழிவது 348 ரூபாய் மட்டுமே! பாக்கி நிற்கும்வரை புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லாக் காலம் கிடையாது. ஆண்டுக்கு 42 சதவீதம் கேட்பவர் தெருவோரத்தில் அமர்ந்திருந்தால் கந்துவட்டிக்காரர் என்போம். குளிரூட்டிய அலுவலகத்தில் அமர்ந்திருந்தால் நிதிச் சேவை.

தவறினால் வேலையும் போகலாம். சிபில் பதிவில் பழைய தவணைத் தவறுகள் இருந்ததைக் காட்டி ஒருவரின் நியமனத்தை ஸ்டேட் வங்கி ரத்து செய்தது. கடன்களை அடைத்துவிட்டேன் என்று அவர் வாதிட்டும், 2025 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றம் வங்கியின் முடிவை உறுதிசெய்தது. வேலையில்லாததால் கடன் தவறியது; கடன் தவறியதால் வேலையில்லை என்ற நிலைக்கு எத்தனை இளைஞர்கள் தள்ளப்படுவார்கள்?

“அட்டையே வேண்டாம், ஒதுங்கியிரு” என்று சில தோழர்கள் இளைஞர்களுக்குச் சொல்கிறார்கள். நல்லெண்ணம்தான். ஆனால் நாளை வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிக்கும் ஊழியரிடம் அந்த அறிவுரை செல்லாது. நாம் வாய்மூடினால், வணிக வளாகத்தில் மேசை போட்டு அட்டை விற்கும் முகவரே அவருக்கு ஆசானாவார். அந்த முகவரும் இலக்கு எட்டாவிட்டால் வேலை இழக்கும் ஒப்பந்தத் தொழிலாளிதான். நம் கோபம் அவர்மேல் பாய வேண்டியதில்லை.

எனவே வெளிப்படையாகச் சொல்வோம். வரலாறு இல்லாதவருக்கு முதல் அட்டை, சம்பளக் கணக்குள்ள பொதுத்துறை வங்கியில் சிறு நிரந்தர வைப்பை ஈடாக வைத்துப் பெறும் அட்டையாக இருக்கட்டும். வைப்புக்கு வட்டி தொடரும். அட்டை வரம்பும் அந்த வைப்புக்குள் அடங்கும். ஆண்டுக் கட்டணம் இல்லாததைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பரிசுப் புள்ளி, விமான நிலைய ஓய்வறை என்ற தூண்டில்கள் முதல் அட்டைக்கு வேண்டியதில்லை. முழுத்தொகையும் உரிய நாளில் கணக்கிலிருந்து தானாகக் கழிய ஏற்பாடு செய்ய வேண்டும். ‘குறைந்தபட்சம்’ என்ற கட்டத்தைத் தொடவே கூடாது. அட்டையில் பணம் எடுத்தால் அன்றே வட்டி தொடங்கிவிடும். ஒரே நேரத்தில் நான்கு வங்கிகளில் விண்ணப்பிப்பதும் மதிப்பெண்ணைக் குறைக்கும்.

2022 ஜூலையில் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி கேட்காத அட்டையை அனுப்புவது தடைசெய்யப்பட்டது. பாக்கியில்லாத அட்டையை மூடக் கேட்டால் ஏழு வேலை நாட்களில் மூட வேண்டும். தாமதித்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் வாடிக்கையாளருக்குத் தர வேண்டும். எத்தனை பேருக்கு இது தெரியும்?

தனிநபரின் எச்சரிக்கையால் 42 சதவீத வட்டி 41 ஆகிவிடாது. கடன் அட்டை வட்டிக்குச் சட்டப்படி உச்சவரம்பு, கூட்டுறவுச் சங்கக் கடன்களுக்கும் மதிப்பெண்ணில் இடம், வேலை நியமனத்தில் சிபில் நிபந்தனைக்கு முற்றுப்புள்ளி ஆகிய மூன்றையும் வங்கி ஊழியர், தகவல் தொழில்நுட்ப ஊழியர், வாலிபர் அமைப்புகள் ஒன்றுசேர்ந்து எழுப்ப வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை கடன் அறிக்கையை இலவசமாகப் பெறும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு. அதை எடுத்துப் படித்து, பிழையிருந்தால் முறையிடக் கற்றுத்தரும் ஞாயிற்றுக்கிழமை முகாம்களை நம் கிளைகள் இந்த மாதமே தொடங்கலாம்.